வீட்டில் விட்டுவிட்டுப் போன கிட்டார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனி, வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர்களின் குடும்பங்களை எல்லாம் அழைத்து விழா நடத்தும். அந்த வருடம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணியும். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புகிற கம்பெனி அது. இரண்டு பேருக்கும் ஒரே லைன், ஒரே ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். அண்ணன் வீட்டோடுதான் நான் இருக்கிறேன் என்பதால் வீட்டுக்கு வந்தாலும் அண்ணி முகம்தான். அலுத்துப் போகாதா என்று லைனில் கேட்பார்கள். அலுக்காததற்குக் காரணம் பாட்டு.

அண்ணி கடம்பத்தூர்க்காரர். சர்ச்சில் பாடியே வளர்ந்தவர். குரல் கொஞ்சம் கீழ்ச்சுருதி. பெண்குரல் என்றால் உச்சிக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு வரி கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் எங்கள் ஊர் சர்ச்சில், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முன்பு வாசித்தவர் ஓசூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட, கிட்டார் மட்டும் மூலையில் சாய்ந்து கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் பேஸ் வாசிப்பதைக் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

சர்ச் கிட்டாருக்கு நான்கு கம்பி. அண்ணியின் சுருதிக்கு அதில் கீழே இறங்க இடம் போதவில்லை. விழாவுக்கு முந்தின வருடம் போனஸ் வந்தபோது அண்ணிதான் பேச்சை எடுத்தார்.

"அஞ்சு கம்பி கிட்டாருன்னு ஒண்ணு கீதாமே, அத வாங்கிடலாம் பாப்பா. கம்மல் வாங்கி இன்னா பண்ணப் போறோம்?"

அப்படித்தான் ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. குறைகளுக்குப் பஞ்சமில்லை. தலைப்பக்கம் கனம், கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்துக் குனியும். வாங்குவதற்கே காரணமாக இருந்த அந்த ஐந்தாவது கம்பி, தடிக்கம்பி, அழுத்தி வாசித்தால் கரகரவென்று இரையும். புதுக் கம்பிகள் போட்டு, அவை உட்காரும் இடத்திலுள்ள குட்டி ஸ்க்ரூக்களைத் திருகி உயரத்தைச் சரி செய்தபின் பாதி இரைச்சல் போனது. மீதியை விரல் கற்றுக்கொண்டது. மெதுவாகத் தட்டிவிட்டால் போதும், சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்.

அதோடு நாங்கள் போகாத இடமில்லை. கவரப்பேட்டையில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, நற்செய்திக் கூட்டம் என்று எல்லாவற்றிலும் வாசித்தோம். ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் கிட்டாரின் தோள்பட்டையை மாட்டுகிற ஆணி பாட்டின் நடுவில் கழன்று விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்து வாசித்து முடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இவ்வளவும் இருந்தும் எனக்குள் ஓர் உறுத்தல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, இந்த மாதிரி கிட்டார் மேடைக்குத் தாங்குமா என்று தேடிப் படித்துக்கொண்டிருப்பேன். பழகத்தான் லாயக்கு, மேடை ஏறினால் மானம் போகும் என்று யாராவது எழுதியிருப்பார்கள். போதும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் எனக்கு முன்னவர்கள் சொன்னதுதான் ஒட்டிக்கொண்டது.

விழாவுக்கு முந்தின டிசம்பரில் அண்ணியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். தைராய்டு, பயப்படுகிற வகை இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்குக் குரல் மாறிவிடும் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். பிப்ரவரியில் ஆபரேஷன் என்று முடிவானது. திரும்பி வரும்போது ரயிலில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னேரி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கம்பெனி ஃபங்ஷன்ல என் பாட்ட பாடிர்லாமா?"

என் பாட்டு என்றால், அவரே கட்டிய பாட்டு. இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிற பெண்களைப் பற்றியது. 'தூங்குடி தூங்கு, உன் ஸ்டாப்பு வந்தா நான் எழுப்புறேன்' என்று வரும். அது தொடங்குவதே என் தடிக்கம்பியில்தான். பஸ் கிளம்பாமல் நின்ற இடத்தில் உறுமுகிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று அண்ணி கேட்டு வாங்கியது. பாதிப் பாட்டு வரைக்கும் அவர் குரலும் என் பேஸும் மட்டும்தான். கீபோர்டு பிறகுதான் வந்து சேரும். வெளியே எங்கேயும் அதைப் பாடியதில்லை. நம் பாட்டை யார் கேட்பார்கள் என்ற கூச்சம் அவருக்கு.

இந்த ஒரு தடவை எல்லாம் உசத்தியாக இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். சென்னையிலிருந்து பெரிய ஆர்கெஸ்ட்ரா வருகிறது, அவர்களுடைய சவுண்டு செட்டில், அவர்களுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பாட்டு கொடுத்திருந்தார்கள். கீபோர்டு அண்ணனும் தலையைச் சொறிந்தார்.

"அவங்க செட்டு பெருசும்மா. நம்ம கிட்டாரு கரகரன்றது அதுல நல்லா தெரிஞ்சிடும். நம்ம தோஸ்து ஒருத்தரு கீறாரு, கேட்டுப் பாக்கறேன்."

அந்த நண்பர் திருவள்ளூரில் இருக்கிறார், பேஸ் வாசிப்பதே தொழில். சனிக்கிழமை ஊத்துக்கோட்டைக்கு ஒரு கச்சேரிக்கு வந்தவர், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வைத்துத் தன் இன்னொரு கிட்டாரைக் கொடுத்தார். என்னைப் பார்த்ததுகூட இல்லை, நம்பிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"வாசிச்சி முடிச்சதும் ஒயரப் புடுங்கிடும்மா. அப்படியே வுட்றாத."

சரிங்கண்ணா என்றேன். யாராவது கால் தடுக்கி விழுந்து கிட்டார் அடிபடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தால், அடடா! தடிக்கம்பியின் சத்தம் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டதும், சாப்பிட்டுவிட்டு இன்னும் ஒரு தடவை வாசிக்கலாம் என்று அப்படியே சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிட்டது. ஒயர் சொருகியபடியே இருந்தது.

மறுநாள் கிளம்பும்போது அண்ணி பீரோ மேலிருந்த எங்கள் கிட்டார் பையைக் காட்டினார்.

"அதையும் எடுத்துகினு போலாம் பாப்பா. ஒரு ஓரமா இருக்கட்டும்."

"வேணா அண்ணி. ரெண்டத் தூக்கினு போனா சிரிப்பாங்க. அதுவும் அத அங்க வெளில எடுக்கவே எனக்குக் கூச்சமாக் கீது."

அண்ணி பையைத் தொட்டுத் தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். லைனில் எங்களோடு நிற்கிற பெண்கள் எல்லாம் குழந்தைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு எல்லோருக்கும் தெரிந்த துள்ளல் பாட்டு. நடுவில் பேஸ் சத்தம் கொஞ்சம் உடைகிற மாதிரி இருந்தது. பெரிய ஸ்பீக்கர், அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். கைதட்டல் கிடைத்தது.

அடுத்தது அண்ணியின் பாட்டு. மைக்கைப் பிடித்து, "இது நம்ம பஸ்ஸு பாட்டு" என்று மட்டும் சொன்னார். முன்வரிசை சிரித்தது. நான் தடிக்கம்பியைத் தட்டினேன். முதல் உறுமல் வந்தது. இரண்டாவது, தொண்டை அடைத்தவர் பேசுகிற மாதிரி வந்தது. மூன்றாவது வரவே இல்லை.

சத்தம் வைக்கிறவர் ஓடி வந்து ஒயரை மாற்றினார். வரவில்லை. வேறு ஒயர் சொருகினார். கீபோர்டு அண்ணனும் தன் இடத்தை விட்டு வந்து குனிந்து பார்த்தார். திருகுகிற குமிழை எல்லாம் திருகினேன். ஆர்கெஸ்ட்ரா பேஸ்காரரிடம் கேட்கலாம் என்றால், சவுண்டு செட்டு மட்டும்தான் முன்னால் வந்திருந்தது, வாசிக்கிறவர்கள் வந்த வேன் செங்குன்றத்தில் டிராஃபிக்கில் நின்றிருந்தது. கூட்டத்தில் சலசலப்பு ஆரம்பித்தது.

அண்ணி பாட ஆரம்பித்துவிட்டார். துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல், தனியாக. நான் மேடையில் ஓர் ஊமைக் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். கம்பியைத் தட்டினேன், விரலுக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது சரணத்தில் கீபோர்டு அண்ணன் ஓடிப்போய் இடது கையால் ஏதோ சேர்த்தார். அதற்குள் சுருதி கொஞ்சம் விலகியிருந்ததால் அவரும் கையை எடுத்துவிட்டார். அண்ணி கடைசி வரைக்கும் பாடினார். முன்வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, பாட்டுக்கு மியூசிக் கிடையாதா என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

கீழே இறங்கியதும் நான் அழுதுவிட்டேன். அண்ணி என் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"வுடு பாப்பா. பாட்டு நின்னுச்சா? நிக்கல இல்ல? வா, டீ குடிக்கலாம்."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் திருவள்ளூருக்கே போய்க் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கிட்டாரைக் கவிழ்த்து, பின்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்து சதுரமான பேட்டரியை எடுத்து, சுரீரென்கிறதா என்று நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"செத்துப் போச்சு. ராத்திரி ஒயரு சொருகினே இருந்துச்சா?"

அந்த வகைக் கிட்டார் பேட்டரியில் ஓடுமாம். ஒயர் சொருகியிருக்கும் வரைக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பேட்டரி கரைந்துகொண்டே இருக்குமாம். உள்ளே இருந்தது ஏற்கெனவே முக்கால்வாசி தீர்ந்த பழைய பேட்டரி வேறு. புது பேட்டரி போட்டார், சத்தம் வந்துவிட்டது. நாளெல்லாம் ஒயரோடு வேலை செய்கிற எனக்கு இது தெரியவில்லை.

"சுத்தமா வெளக்கி சொல்லியிருக்கணும், என் தப்புதாம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். பிறகு, என் கிட்டார் எது என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். எங்கே ஏளனமாகச் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இதுல பேட்டரியே கெடையாதே. இது எங்கேயும் உன்னக் கைவுட்டிருக்காது" என்றார்.

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிப்ரவரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் டாக்டர் சொல்லிவைத்த அந்தச் சிலரில் அண்ணியும் ஒருவராகிவிட்டார். முதலில் காற்றுதான் வந்தது. மாதங்கள் போகப் போகப் பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. இரண்டு வரிக்கு மேல் போனால் குரல் பிளந்து இருமல் வந்துவிடும். பயிற்சி எல்லாம் செய்தார். ஒரு நாள் அவராகவே நிறுத்திக்கொண்டார். லைனில் நின்றபடி பெண்களோடு சிரித்துப் பேசுகிறார், மகளைத் திட்டுகிறார், வீடு வழக்கம்போல ஓடுகிறது. ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது மட்டும் உதட்டை அசைக்காமல் நிற்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசிப்பேன்.

அந்த விழாவை அண்ணன் போனில் படம் பிடித்திருந்தார். அண்ணியின் பாட்டுக்கு இருக்கிற ஒரே பதிவு அதுதான். போன வருடம் லீவு நாள் ஒன்றில், வீட்டில் யாரும் இல்லாத சமயம், அதை ஓடவிட்டு எங்கள் கிட்டாரை அந்தச் சுருதிக்குத் திருகிக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தேன். தடிக்கம்பி கொஞ்சம் கரகரத்தது. ஆனால் அந்தக் குரலுக்குக் கீழே சரியாகப் போய் உட்கார்ந்தது. கீபோர்டு அண்ணன் இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கொடுத்தார். அண்ணியிடம் போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார்.

"சூப்பரா கீது பாப்பா" என்றார், அந்த உடைந்த குரலில். பிறகு, "ஆனா நான் திரும்பித் திரும்பி உன்னப் பாத்துகினே பாடறேன் பாரு. இப்ப வரும், இப்ப வரும்னு" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அதுவரை கவனிக்கவில்லை. மேடையில் நான் ஒயரைப் பார்த்துக் குனிந்திருந்தேன். படத்தில் அண்ணி ஒவ்வொரு வரி முடிவிலும் தலையைத் திருப்புகிறார், காத்திருக்கிறார், பிறகு அடுத்த வரிக்குப் போகிறார். சத்தத்தைச் சேர்த்துவிட்டோம், அந்தக் காத்திருப்பை எதைக் கொண்டு நிரப்புவது?

இந்தக் கிட்டாரோடுதான் இன்றைக்கும் கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் போய் வருகிறேன். கம்பி என்ன பிராண்டு, கட்டை என்ன மரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. விலை குறைந்த ஐந்து கம்பி பேஸ் மேடைக்குப் போதுமா என்று யாராவது கேட்டால், நல்ல கம்பி போட்டு, கை பழகியிருந்தால் தாராளமாகப் போதும் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்த அந்த ஒரு நாளில் அதைச் சொல்லாமல் போனேனே என்பது, அண்ணி மறந்துவிட்டாலும், எனக்கு ஆறவில்லை.