அஞ்சலை இருந்த படம்

பச்சைப் புளியமரத்தை வெட்டினால் வரும் துவர்ப்பு வாசனை அன்று விடிகாலையில் கச்சிராயபாளையம் சாலை முழுக்க அடித்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்ய எங்கள் அப்பாவும் தெரு ஆட்களும் மரங்களைச் சாய்த்திருந்தார்கள், போலீஸ் வருகிறதா என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அப்பாவின் பெரியப்பா, எனக்குப் பெரிய தாத்தா, சென்னைக்குப் பஸ் ஏறத் துணிப்பையோடு வந்தார். அந்தக் காலத்து ‘ஊமைப் படங்களில்’ நடித்தவர் அவர். இளவயதிலேயே தாடி ஒட்டி முனிவராகவும் வாயிற்காவலனாகவும் சாகிற தகப்பனாகவும் ஆக்கிவிடுவார்களாம். படம் பேசத் தொடங்கியதும் பாடத் தெரிந்தவர்களைத்தான் தேடினார்கள், இவருக்குப் பாட்டு வராது, ஊருக்குத் திரும்பிக் கரும்பு வெட்டினார். “ஊமைப் படத்து ஆளு இன்னா பேச்சு பேசுது பாரு” என்று கிண்டல் செய்தால், “அங்க பேசாததைத்தான் இங்க பேசிக்கினு இருக்கேன்” என்பார்.

ஒரு படத்தில் குருட்டுப் பிச்சைக்காரன் வேஷம். தோளில் வைக்கக் குழந்தை வேண்டுமென்று தன் மகள் அஞ்சலையையே தூக்கிப்போனார். அவள் அழகாகச் சிரித்தாளாம். கண்ணை மூடி நடித்ததால் இவர் பார்க்கவில்லை. படம் கொட்டகைக்கு வருமுன் அம்மை அவளைக் கொண்டுபோயிற்று, இவர் கொட்டகைக்குள் போகவே இல்லை. அவளுக்குப் போட்டோ கிடையாது. அந்தப் படச்சுருள் ஒன்று அகப்பட்டு, அன்று சாயங்காலம் சென்னையில் ஒரே ஒரு முறை போடப்போவதாக ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

“பெரிப்பா, ஒரு வண்டியும் போவாதுங்க” என்றார் அப்பா.

“அந்த மரத்தை மட்டும் நவுத்துடா. எம் பொண்ணைப் பாத்துட்டு வந்துடறேன்.”

அப்பா என்னைக் காட்டினார். “இந்தப் பொண்ணு படிக்கணும்னுதான் வெட்டிப் போட்டோம். இதை நவுத்துனா மட்டும்? உளுந்தூர்பேட்ட வரைக்கும் மரமாத்தான் கெடக்குது.”

தாத்தா என்னையே பார்த்தார். “இதுவும் பொண்ணுதான்” என்று அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தபோது, “இந்நேரம் தோள்ல ஏறியிருப்பா” என்றார்.

மறியல் வழக்குக்குப் பயந்து அப்பா கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் களையெடுக்கப் போனேன். பிற்பாடு கிடைத்த ஒதுக்கீட்டில்தான் என் மகள் படித்தாள், அதனால் அந்த மரத்தைப் பழிக்க எனக்கு வாய் வருவதில்லை.

தாத்தா மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். அந்தச் சுருளை என் மகள் எங்கெங்கோ விசாரித்தாள். எப்போதோ பொடிந்து உதிர்ந்துவிட்டதாம். அஞ்சலை சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும். எப்படிச் சிரித்தாள் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.