தேயிலை மரத்து வில்

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நான் அரசனாக இருந்திருக்கிறேன். அன்றைக்கும் என்னால் ஒரு போரை ஒழுங்காக நிறுத்த முடியவில்லை.

அப்போது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆறு வகுப்புக்கும் சேர்த்து முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளி. பரிசளிப்பு விழாவுக்காக எங்கள் டீச்சர் தாமே ஒரு நாடகம் எழுதியிருந்தார். அரசன் வேடத்துக்கு உயரமான பையன் வேண்டும். உயரமான பையன்கள் எல்லாரும் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் நான்தான் உயரம். பெண்பிள்ளையாயிற்றே என்று டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, மீசை வரைந்துவிட்டால் தெரியாது என்று முடிவுசெய்தார்.

நாடகம் முழுதாக எழுதி முடிந்திருக்கவில்லை. டீச்சர் எழுத எழுத, வாரத்துக்கு ஒரு தாளாக எங்கள் கைக்கு வரும். முதல் தாளில் அரசன் வில்லோடு வருகிறான் என்று இருந்தது. "யார் வீட்டுலயாவது ஒரு வில்லு செஞ்சு குடுப்பாங்களா?" என்று டீச்சர் கேட்டபோது அரசனே கையைத் தூக்கினான்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மூங்கில வளைச்சுக் கயித்தக் கட்டுனா வில்லு லா. அஞ்சு நிமிஷ வேல."

"நான் செஞ்சு தரேன்" என்றார் மாமா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருடைய கையும் ஒரு கணம் நின்றது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் யாரும் கேட்காமல் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். அத்தை அப்பாவுக்குத் தங்கை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் ஆற்றோடு வந்த சேறு கூரையையும் தக்காளியையும் குடியிருந்த வீட்டையும் சேர்த்து மூடிவிட்டது. ஒரே ஒரு பெட்டியோடு இருவரும் வரிசையாய்க் கட்டிய தோட்டத்து லைனில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா தினமும் காலையில் வேலை தேடித் திரிங்காப் டவுன் பக்கம் போவார், மதியம் திரும்பி வருவார். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கரண்டி சோறு விழுந்ததும் "போதும்க்கா" என்று அம்மாவிடம் சொல்லித் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்ததெல்லாம், படுக்க இடம் குறைந்துபோனது என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை காலை மாமா பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு லைனுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் இறங்கினார். நானும் கூடப் போனேன். என் வில் அல்லவா? ஓடைக்கரையில் ஒரு மரத்தின் முன்னால் நின்று, அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். இலையைப் பார்த்ததும் எனக்கு நம்ப முடியவில்லை. தேயிலை! இடுப்புக்கு மேல் வளர்ந்த தேயிலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. யாரும் கவாத்து வெட்டாத அந்த மூலையில் அது பாட்டுக்கு ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நின்றது. மேலே பாதையில் போன கங்காணியிடம் மாமா கேட்டார். "அது காட்டுத் தேயிலை, வெட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நேரான தண்டாக ஒன்றை வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். முதல் பாதியை அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்ததில் வெடித்துவிட்டது. பனிமூட்டத்தில் துணியே மூன்று நாள் காயாத ஊர். மரம் எப்போது காயும்? திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது இரண்டாவது பாதியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இலை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்புறச் சுவரோரமாக அதை மூன்று வாரம் வைத்திருந்தார். "சூடு நேரா படாது மாப்ள. நான் தெனமும் திருப்பி வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அது திரும்பி வந்தபோது வீடு முழுக்கத் தேயிலை வாசம்.

அதன்பிறகு மாமா மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தார். முதலில் கத்தியால் செதுக்கினார், பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். சுவரில் ஆணி அடித்து வில்லை அதில் மாட்டி, நாணைக் கீழே இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். பிறகு ஒரு பக்கம் மூன்று இழுப்பு சுரண்டுவார், மறுபடியும் மாட்டுவார். ஒரு நாள் முழுக்க இதுவே நடந்தது. அத்தையின் கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வில் செய்யும் படத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். லைனில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும். மழைத்தூறலில் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு ஓடி வருவார்.

வேடிக்கை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா, "இந்தப் பக்கம் ஏன் கத்தியே வெக்கல?" என்று கேட்டார்.

"அது பட்டைக்கு அடியில இருக்கிற நார், தாத்தா. இழுக்கிறப்போ அதுதான் தாங்கும். அது எங்கயாச்சும் குறுக்க அறுந்துச்சு, வில்லு போச்சு" என்றார் மாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனில் உள்ள எல்லாரும் கூடிவிட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்த பங்களாதேஷ்காரப் பையன்களும் வந்து ஆளுக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார்கள். மாமா ஒரு மூங்கில் குச்சியை நாணில் வைத்து விட்டார். அது பள்ளத்தைத் தாண்டிப் பறந்து எதிர்மலைத் தேயிலைக்குள் போய் விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். அத்தை வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்று மாமா இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் டீச்சரின் கடைசித் தாள் வந்தது. போரில் மகனை இழந்த தாய் ஒருத்தி அரண்மனை வாசலில் வந்து அழுகிறாள். அரசன் மனம் மாறி, வில்லை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடிக்கிறான். நாடகம் முடிகிறது.

"மாமாகிட்ட சொல்லி நடுவுல ரம்பத்தால பாதி அறுத்து, மேல துணியச் சுத்திடச் சொல்லுமா. பட்டுனு ஒடிஞ்சாதான் கைத்தட்டு விழும்" என்றார் டீச்சர்.

நான் வீட்டுக்குப் போனபோது மாமா நாணுக்கு மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் சொன்னேன்.

"ஒடிக்கணுமா?" என்றார் மாமா.

"ஆமா. போர் வேணாம்னு ராஜா ஒடிச்சுப் போட்டுடுவாரு."

வில்லின் பிடியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "நல்ல ராஜாதான்" என்றார். பிறகு என் தலையைத் தொட்டு, "சரி மருமகளே. அறுத்து வெச்சுடறேன்" என்றார்.

விழா நாள் காலையில் வில்லின் பிடியில் சிவப்புத் துணி அழகாகச் சுற்றியிருந்தது.

வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த தடுப்பை விலக்கி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தார்கள். முதல் வரிசையில் தோட்டத்து மேனேஜர். அதற்குப் பின்னால் அம்மாக்கள், அப்பாக்கள், கைக்குழந்தைகள். மாமாவும் அத்தையும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காகிதக் கிரீடமும் கண்மையால் வரைந்த மீசையும் இருந்தன. எல்லாம் நன்றாகவே போனது. மூன்றாம் ஆண்டுப் பெண்ணொருத்தி தாயாக வந்து நிஜமாகவே அழுதாள். நான் வில்லை உயர்த்தி, "இனி என் நாட்டில் போர் இல்லை!" என்று முழங்கிவிட்டு, முழங்காலில் வைத்து அழுத்தினேன்.

ஒடியவில்லை.

மறுபடியும் அழுத்தினேன். வில் அழகாக வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்து என் கிரீடத்தைத் தட்டிவிட்டது. முதல் சிரிப்பு எழுந்தது. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் காலை வைத்து மிதித்தேன். சறுக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மந்திரி முன்னால் வந்தான். முதலாம் ஆண்டுப் பையன். அவனுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வசனம்தான். அதைச் சொல்லக் கடைசித் தாள் வந்த நாளிலிருந்து காத்திருந்தான்.

"ஐயகோ! அரசே! வில்லை ஒடித்துவிட்டீர்களே!"

கூரை பறந்துவிடும்போல் சிரித்தார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின் வரிசையைப் பார்த்தேன். மாமா மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, விழப்போகும் பிள்ளையைப் பிடிக்க ஓடப்போகிறவர்போல நின்றார். எனக்கு உதவி செய்யத்தான் எழுந்தார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ போட்டுடு, கீழ போட்டுடு" என்று டீச்சர் ஓரத்திலிருந்து சொன்னார். போட்டுவிட்டு அழுதேன். மீசை கன்னத்தில் வழிந்தது. எனக்குக் கிடைத்த கைத்தட்டு அன்று வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அது ஆறுதலுக்கு அடித்தது என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது.

விழா முடிந்ததும் மேனேஜர் வில்லை எடுத்து இழுத்துப் பார்த்து, "யார் செஞ்சது?" என்று கேட்டார். மாமா பள்ளிப் பிள்ளையைப்போலக் கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் வில்லை நடுவீட்டில் போட்டேன்.

"பொய் சொன்னீங்க மாமா. அறுத்துட்டேன்னு பொய் சொன்னீங்க!"

"ஏய்!" என்றார் அப்பா.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான். தப்பு என்னோடது" என்றார் மாமா.

நான் குனிந்து பிடியில் இருந்த சிவப்புத் துணியைப் பிடுங்கி அவிழ்த்தேன். அவர் அறுக்கவே இல்லை என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் எனக்கு. துணி கழன்றது. மரத்தின் மேல் மூன்று கோடுகள் இருந்தன. முதலாவது நகத்தின் கனம்கூட இறங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது, அதைவிட மெல்லிசாக. மூன்றாவது வெறும் கீறல்.

"பாருங்க! மூணு எடத்துல ஆரம்பிச்சு மூணையும் பாதியில விட்டிருக்காரு. ஒழுங்கா ஒரு எடத்துல அறுத்தா என்ன? சோம்பேறி!"

பெரியவர்களை அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் அடி விழும். நான் கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அடி விழவில்லை. அப்பா அந்தக் கோடுகளைப் பார்த்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே இறங்கிப் போய், வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா, யாரும் கேட்காமலேயே, மாமாவுக்குத் தட்டு வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள். அத்தை தரையில் உட்கார்ந்து வில்லை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் துணியை முதலிலிருந்து திரும்பச் சுற்றினாள். எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அவர் பக்கம் போய்விட்டார்கள் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. மேடையில் அவமானப்பட்டது நான்.

பத்து நாள் கழித்து மாமாவுக்குக் கோலா தெர்லாவில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை கிடைத்தது. தங்க அறையும் தந்தார்கள். ஏற்றிப் போக லோரி வந்து நின்றபோது பெட்டியோடு வில்லையும் அத்தை எடுத்துப் போனாள். அந்தப் பத்து நாளும் நான் மாமாவிடம் பேசியிருக்கவில்லை. லோரியில் ஏறப் போன அவர் திரும்பி வந்து என் முன்னால் குனிந்தார்.

"அடுத்த வருஷமும் நாடகம் இருக்கும்ல மருமகளே? எனக்குச் சொல்லி அனுப்பு. இந்தத் தடவ ஒடியற மாதிரியே செஞ்சு தரேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "உங்களுக்கு ஒடியற மாதிரி செய்யத் தெரியாது."

மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் இருந்த நாளிலெல்லாம் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "ஆமா" என்றார். "தெரியலதான்." லோரி வளைவில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவரை நன்றாகக் குத்திக் காட்டிவிட்டேன் என்று அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.