தைப்பூசத்தன்று திறந்த கம்பெனி

மலைதோறும் நின்றருளும் வேலவா, நடந்ததை நடந்தபடி சொல்லத் துணை நில்.

அன்று தைப்பூசம், பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடிய நன்னாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்று. தொலைபேசி நிலையத்தில் பணி ஓய்வு பெற்ற நானும் என் தங்கை மகனும் செண்பகனூரில் ஒரு வாடகை அறையில் கம்பெனி அமைத்திருந்தோம். கொடைக்கானல், பழனி விடுதிகளின் அறைகளை இணையத்தில் பதிவு செய்து தருவது எங்கள் தொழில். கணினி நிரல் முழுவதும் நான் எழுதியது. விடுதிக்காரர்களிடம் பேசுவது அவன் பொறுப்பு. சென்னையிலிருந்து வரும் முதலீட்டாளர் சம்மதித்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையேல் அந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான்.

திறப்பு நாளைக் குறித்தவன் அவன். ஆண்டுதோறும் பாதயாத்திரை சென்ற எனக்குப் பூசக் கூட்டம் தெரியும். "சாதாரணப் புதன்கிழமை போதும் மாப்ள" என்றேன்.

"நல்ல நாள விட்டுட்டு அட்டமி நவமியிலயா தொடங்கச் சொல்றீங்க? நீங்க சாமி கும்புடுற ஆளுதானா மாமா?" என்று சிரித்தான்.

முதல் பதிவைச் செய்து காட்டுவதற்காக முதலீட்டாளரைப் பழனி அடிவாரத்து விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மடிக்கணினியோடு காவடிகளுக்கிடையே புகுந்து உள்ளே போனால், விடுதிக்காரர் தலைக்கு மேல் கை கூப்பினார்.

"ஏங்க, இன்னைக்கா பொட்டியத் தூக்கிட்டு வருவீக? மாடிப்படியில கூட சனம் படுத்துக் கெடக்கு. உங்க பொட்டிக்குள்ள ரூம் இருந்தா ரெண்டு குடுங்க, நானே எடுத்துக்கிறேன்!"

திரையில் விடுதிக்கு விடுதி 'அறை இல்லை' என்றே வந்தது. முப்பதைத் தாண்டாத அம்முதலீட்டாளர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"நாள் நட்சத்திரம் பாத்தது நீங்கதானே சார்? தப்பா நினைக்காதீங்க. இருபத்தஞ்சு வயசுல இதைப் பண்ணா அனுபவம்னு விட்டுடுவோம். உங்க வயசுல இது பழக்கம். மாறாது."

மருமகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"தம்பி மட்டும்னா நாங்க ரெடி. சென்னைக்கு வந்துடட்டும்."

நாள் குறித்தது அவன் என்ற உண்மையைச் சொன்னால், அவனுக்குத் திறந்திருந்த அந்த ஒரு வாசலும் அடைபடும். மடிக்கணினியை மூடி அவனிடம் நீட்டினேன்.

"புரோகிராம் உங்களோடதாச்சே மாமா..." என்று இழுத்தான் அவன்.

"கொண்டு போ. வெரசா கெளம்பு, கூட்டத்துல கார் நகராது" என்றேன்.

கை கொடுக்க வந்த முதலீட்டாளர் என்ன நினைத்தாரோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மலையேறும் பேருந்தில் கம்பியைப் பற்றி நின்றபடி முறையிட்டேன். இளையவனாகக் கோபித்து வந்து நீ நின்ற மலைக்கு உலகம் திரண்டு வருகிறது, முருகா. அறுபதை நெருங்கித் தொடங்குபவனுக்கு எந்த மலையில் இடம் வைத்தாய்? வளைவுக்கு வளைவு கேட்டேன். கேட்டபடியே செண்பகனூரில் இறங்கினேன்.

கம்பெனி சென்னையில் பிழைத்தது. இங்கே அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். அதன் பின் எதையும் தொடங்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதை வாசிப்போர் எவ்வயதில் ஒரு வேலையைத் தொடங்கினாலும், முதலில் வேலையைப் பார்க்கும் கண்கள் அவர்களுக்கு எதிர்ப்படட்டும். எனக்குக் கிட்டாத அவ்வருள் உங்கள் அனைவர்க்கும் கிட்டுக, நீடு வாழ்க.