பஞ்சு பட்ட விரல்

பேரணாம்பட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அமிர்தவள்ளிக்கு ஒருநாள் ஆட்காட்டி விரலில் கத்தரி பட்டு, முறத்திலிருந்த இலையெல்லாம் ரத்தமாகிவிட்டது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாத்தனார் கெங்கம்மாள்தான் பார்த்தாள். சாயங்காலம் அமிர்தவள்ளியின் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்ந்திருந்தன.

அறுபதுகளில் அந்தப் பக்கத்தில் விரல் மரத்துப்போனால் ஒரே அர்த்தம்தான். குஷ்டம் என்கிற பெருநோய்.

"வேலூர்ல காட்டிப் பாத்துடலாம் அமிர்தம். அதுவா இருந்துச்சின்னா அப்படியே உங்கம்மா ஊட்டுக்குப் போய்டு. கொழந்த எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் கெங்கம்மாள், பஸ்ஸில் வெற்றிலையை மென்றபடி.

மகள் இன்னும் பால் மறக்கவில்லை. அமிர்தவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "விரல்ல பஞ்சு பட்டா 'தெரியுது'ன்னு சொல்லும்மா."

அவள் பார்க்காத சோதனையா இது? நோய் பார்க்கத் தெருவுக்கு வருகிறவர்கள் இதைத்தான் செய்வார்கள். ஒரே சீராகத் தொடுவார்கள். மூச்சுக்கு ஒருதரம் 'தெரியுது' என்றால் பெயரை எழுதாமல் போய்விடுவார்கள் என்பது தெருப் பெண்களுக்கெல்லாம் பாடம்.

"தெரியுது. தெரியுது. தெரியுது."

"கண்ணைத் திற." பஞ்சு மேசைமேல் கிடந்தது. "நான் தொடவே இல்லையேம்மா. இன்னா தெரிஞ்சிது உனக்கு?"

"ஊட்லயும் இப்படித்தான் டாக்டரம்மா. வாயத் தொறந்தா ஒண்ணுமில்லம்பா," என்றாள் வாசலோரம் நின்ற கெங்கம்மாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

கதவு சாத்தியதும் அமிர்தவள்ளிக்கு அழுகை முட்டியது. கட்டை விரலிலிருந்து மோதிர விரலில் பாதிவரை மரத்திருப்பதைச் சொன்னாள்.

"சுண்டு விரலு?"

"அது நல்லாருக்கு."

"ராத்திரில எழுப்பிவிடுதா?"

"ஆமா. கையை ஒதறுனா கம்மியாவும்."

டாக்டரம்மா உடம்பில் தேமல் தேடினார். முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து, விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னார்.

"மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருந்தா, இப்படி வச்சா குறுகுறுன்னு மரப்பு ஜாஸ்தியாகும். நீ பயப்படுற நோயில அப்படி ஆகாது. ஆனா வராம வந்துச்சின்னு சொல்லிடாத."

இத்தனை நாள் வரக்கூடாது என்று கும்பிட்ட மரப்பை இப்போது வா வா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அது வரவில்லை. பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வந்துச்சா?"

"இன்னும் வரல."

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவிரலில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. அப்புறம் ஆட்காட்டி விரல்.

"வருது. கட்டை விரலும். சுண்டு விரல்ல இல்ல."

"கையை எடுத்துடும்மா. இது அந்த நோய் இல்ல. வைத்தியம் இருக்கு."

அவள் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மரக்கட்டும் என்று அழுத்திக்கொண்டே, "அதை எங்க நாத்தனார உள்ள கூப்ட்டு நீங்களே சொல்லிடுங்க டாக்டரம்மா," என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க."