மொறிஸ் மைனருக்கு ஒரு பிளைவீல்

சிங்கராயரின் பெயர் முதன்முதலாகப் பெயின்ற்றில் ஏறியது ஒரு காரின் கதவில். வெள்ளை மொறிஸ் மைனர். கதவின் கீழ்ப்பக்கம் சிவப்பு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், 'சிங்கராயர் லேத், பதுளை'. அவருடைய பட்டறைக்கே பெயர்ப்பலகை கிடையாது. பசறை வீதியில் ஒரு தகரக் கொட்டகை, இரும்பு கடையும் பழைய லேத் மெஷின் ஒன்று, சின்னதாக ஓர் உலை, பின்னால் இரண்டு அறை வீடு. தேடி வருகிறவர்கள் பக்கத்துக் கடையில் "இஸ்டோர் பிட்டர் எங்க?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. தெமோதரைப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்த சிங்கராயர் அங்கே இருபத்திரண்டு வருடம் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். கொழுந்தைச் சுருட்டும் ரோலரில் ஒரு பல் உடைந்தால், கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். கையில் கிடைத்த இரும்பில் செய்து போட்டாக வேண்டும். அப்படிச் செய்து செய்தே கை படிந்தது. பிறகு இஸ்டோரை மூடினார்கள். கொழுந்து வேறு தோட்டத்துக்கு லொறியில் போயிற்று. சிங்கராயரும் சூசையம்மாவும் பதுளைக்கு இறங்கினார்கள். வரும்போது இஸ்டோரின் பழைய இரும்பில் கொஞ்சத்தையும் விலைக்கு எடுத்து வந்தார்கள்.

வாகனச் சாமான்களின் இறக்குமதி நின்றுபோன வருடங்களில் அவருடைய கொட்டகை வாசலில் ஆட்கள் நின்றார்கள். முதலில் த்ரீவீல்காரர்கள், பிறகு பஸ்காரர்கள், அப்புறம் காரை மாற்றிக் கட்டிப் பந்தயம் ஓடும் பையன்கள். எஞ்சினுக்குக் காற்றும் பெற்றோலும் போகும் குழாயைக்கூட அவர் வார்த்துக் கொடுத்தார். "சட்டி பானை அலுமினியமெல்லாம் வேணாம். பழைய பிஸ்டனாப் பொறுக்கிட்டு வாங்க, அதுதான் சூடு தாங்கும்" என்று திருப்பி அனுப்புவார். பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.

மொறிஸ் மைனர் பிரதீஷுடையது. கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராமலட்சுமி அம்மாவின் மகன், இருபத்தேழு வயது. அறுபது வருடத்துக் காருக்குள் அவன் ஜப்பான் எஞ்சின் ஒன்றை ஏற்றுவித்திருந்தான். எஞ்சினின் முதுகில் சுழலும் கனமான வட்டுத்தான் பிளைவீல். புது எஞ்சினுக்கும் பழைய கியர்பொக்ஸுக்கும் நடுவே பொருந்துகிற பிளைவீல் எந்தக் கடையிலும் இல்லை. செய்துதான் ஆக வேண்டும் என்று வந்தான். அப்புத்தளைக்குக் கீழே தோட்டப் பாதையொன்றில் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றப் பந்தயம்.

சிங்கராயர் மூலையில் கிடந்த இஸ்டோர் பெல்ட் சக்கரமொன்றை எடுத்தார். வெளிவளையத்தை வெட்டி நீக்கிவிட்டு, கட்டியான நடுப்பகுதியை நான்கு நாள் கடைந்தார். முடிந்ததும் கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். மாதா கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. இஸ்டோரில் அப்படித்தான் பார்ப்பார்கள். மணிச்சத்தம் வந்தால் நல்ல இரும்பு. பிரதீஷ் அன்றைக்கே கதவில் பெயரை எழுதுவித்தான்.

வியாழக்கிழமை காலை, உழவு மெஷின் ஒன்றின் அச்சுக்குப் புஷ் வளையம் செய்வதற்காக, மிஞ்சிய அந்த வெளிவளையத்தில் ஒரு துண்டு எடுக்கப் போனார். உளி வைத்து ஒரு தட்டுத்தான் தட்டினார். பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது.

உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் பாதி புதுச்சாம்பல் நிறத்தில் பளபளத்தது. உட்பக்கம் பாதி கறுப்பு. விரலால் தேய்த்தார், எண்ணெய்.

இது இன்றைக்கு உடைந்ததல்ல. உள்ளே எப்போதோ வெடித்து, அந்த வெடிப்பில் எண்ணெய் இறங்கிக் கிடந்திருக்கிறது. எப்போது என்பதும் அவருக்குத் தெரிந்தது. இஸ்டோரை மூடிய அன்று இந்தச் சக்கரம் அச்சிலிருந்து கழலவில்லை. வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். சிங்கராயர் நடுவே நெருப்பு மூட்டிக் கழற்றினார். கழன்ற சக்கரம் ஆறுவதற்குப் பொறுமையில்லாமல் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினார். வார்ப்பிரும்பைச் சுடவைத்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொன்ன வாய் அவருடையது. பிறகு துருப்பிடிக்காதிருக்கப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசி ஆறு வருடம் மூலையில் வைத்திருந்தார்.

வளையத்துக்குள் வந்த வெடிப்பு நடுவிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? நடுப்பகுதிதானே பிளைவீல்? மணிச்சத்தம் கேட்டது உண்மை. ஆனால் இஸ்டோரில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு இருநூறு சுற்றுச் சுற்றியது. பிரதீஷின் எஞ்சின் ஏழாயிரம் சுற்றும். அந்த வேகத்தில் சிதறினால் தகரத்தையும் கிழித்துக்கொண்டு வரும். ஓட்டுகிறவனின் கால் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"என்னாங்க, சோத்துல வெடிப்புத் தேடுறீங்களா?" என்றாள் சூசையம்மா. காலையிலிருந்து அந்தத் துண்டை அவர் கையில் வைத்துக்கொண்டே திரிந்ததைப் பார்த்திருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "இன்னும் நிச்சயமாத் தெரியல" என்றார்.

"நிச்சயமாத் தெரியிற நேரம் அந்தப் புள்ளைக்குக் காலு இருக்குமா?"

"ஞாயித்துக்கிழம பந்தயம், சூசை. பேரு வேற எழுதிட்டாங்க."

"அதுக்கு? பேரு காரை நிப்பாட்டுமா?" தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். "நானுந்தான் பார்க்கிற ஆளுக்கெல்லாம் சொல்லித் தொலைச்சேன். போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடாமலே போனார்.

கார் ஹுமைத்தின் கராஜில் நின்றது. எஞ்சின் ஏற்றியவன் ஹுமைத். பேச்சுக் குறைவு, வேலை சுத்தம். பிரதீஷ் பொனெற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பாஸ்! உங்க பேரு வெயில்ல எப்படி மின்னுது பாருங்க. எங்க அம்மா பேரைக்கூட நான் எழுதல. அந்தக் கோவத்துல ரெண்டு நாளா வீட்டுல சோறு இல்ல."

"தம்பி, அந்த பிளைவீலைக் கழட்டணும்."

சிரிப்பு அப்படியே நின்றது. சிங்கராயர் துண்டைக் காட்டினார்; தண்ணீர் ஊற்றியதையும் மறைக்கவில்லை. பிரதீஷ் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒன்றரை நிமிஷ ஓட்டம் பாஸ். ஒரே ஒரு தடவை மேல போகணும். அதுக்குள்ள என்னா ஆகப்போகுது?"

"அரை நிமிஷம் போதும் தம்பி அதுக்கு."

ஹுமைத் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். "கழட்டிப் பார்ப்பம். மூணு மணித்தியால வேலை. வெடிப்பு இருந்தா இருக்கு, இல்லாட்டித் திரும்பப் பூட்டிருவம்."

கியர்பொக்ஸ் இறங்கியது, பிளைவீல் வெளியே வந்தது. சிங்கராயர் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் உலரத் துடைத்து, வெண்கட்டித் தூளை முகம் முழுக்கப் பூசினார். வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு விழும். மூன்று பேரும் குந்தியிருந்து பார்த்தார்கள். அரை மணித்தியாலம் போனது. கோடு விழவில்லை. மறுபக்கமும் பூசினார். அங்கேயும் இல்லை.

"அல்லாவே, நல்ல காலம்" என்று எழும்பினான் ஹுமைத்.

பிரதீஷுக்கு உயிர் திரும்பியது. "பாஸ், தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வர்ற மாதிரி உங்களுக்கும் வந்திருச்சு. பூட்டுங்க ஹுமைத்!"

இந்த இடத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். சோதித்தாயிற்று, இரண்டு சாட்சிகளும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எது நடந்தாலும், பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வழியுண்டு. ஆனால் ஆறு வருடம் பழைய ஒயிலும் தூசியும் இறுகிப்போன வெடிப்புக்குள் மண்ணெண்ணெய் போகாமலும் இருக்கலாம் என்பது அந்தக் கராஜில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஹுமைத், சம்மட்டியைக் குடுங்க."

இன்னொரு தடவை தட்டிச் சத்தம் கேட்கப் போகிறார் என்று நினைத்து அவனும் கொடுத்தான். சிங்கராயர் பிளைவீலை இரண்டு கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, ஓங்கி அடித்தார்.

"பாஸ்! உங்களுக்குப் பைத்தியமா?" பிரதீஷ் பாய்ந்து வந்தான். அதற்குள் இரண்டாவது அடியும் விழுந்திருந்தது. உடையவில்லை. மூன்று, நான்கு. இரும்பின் அதிர்வு தோள்வரை ஏறியது. ஐந்தாவது அடியில் பிளந்தது.

ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே சாம்பல் நிறம், புத்தம் புதுசு. எந்த ஓரத்திலும் கறுப்பு இல்லை.

"எங்க பாஸ் கறுப்பு? காட்டுங்களேன்." பிரதீஷ் துண்டுகளைப் பிடுங்கிப் புரட்டினான். "ஆறு மாசம் பாஸ். ஆறு மாசம் இதுக்காக உழைச்சேன்."

"இனி உங்க பட்டறைப் பக்கமே வரமாட்டேன்." பிரதீஷ் பெயின்ற் அழிக்கும் தின்னர்ப் போத்தலையும் துணியையும் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான். அந்தத் தேய்ப்புச் சத்தம் முடியும்வரை சிங்கராயர் அங்கேயே நின்றார். ஹுமைத் ஐந்து துண்டையும் ஓர் உரப்பையில் போட்டுக் கட்டிக் கையில் கொடுத்தான்.

வீட்டில் சூசையம்மா பையைத் தூக்கிப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"கறுப்பு இருந்துச்சா?"

"இல்ல. நல்ல சாமான். நல்ல சாமானைத்தான் ஒடைச்சிட்டேன்."

"அந்தத் தம்பி என்னா சொன்னுச்சு?"

"இனி இந்தப் பக்கம் வராதாம்."

அவள் பையை மூலையில் இறக்கி வைத்தாள். "வராட்டிப் போகட்டும். நடந்துதானே போனுச்சு?" என்றாள்.

சிங்கராயர் தலையை ஆட்டினார். அடுத்தடுத்த நாட்களில், வேலைக்கு நடுவில், அந்தத் துண்டுகளை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கைவேலையில் ஒரு நகக்கண் அளவு கறுப்பாவது கண்ணில் படாதா என்று தேடிக்கொண்டேயிருந்தார்.