நான் காணாத சஃப்ரன்போலு

கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு சாமான் விக்கிறவனை ஆரும் நம்புறேல்லை. அதுவும் துருக்கிச் சாமான் விக்கிற யாழ்ப்பாணத்தானை அவன்ரை முதலாளியே நம்பமாட்டான். உங்களிலை நிண்டு நிண்டு கால் வீங்கின ஆக்கள் இருந்தா, உதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின்ரை நடுவிலை, ரொறொன்ரோ டான்ஃபோர்த் வீதியிலை, இஸ்மெற் எண்ட துருக்கிக்காரரின்ரை கடையிலை நிண்டனான். குங்குமப்பூ, எங்கட மஸ்கெற் மாதிரி லோக்கும் எண்டொரு இனிப்பு, செம்புப் பாத்திரம், எல்லாம் அவர் பிறந்த சஃப்ரன்போலு எண்ட ஊரிலையிருந்து வாறது. என்ரை மனிசி வசந்தி கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இருந்தா. அவவை ஸ்பொன்சர் பண்ண எனக்கு வேலைக் கடிதம் வேணும். கடிதம் கிடைக்கிறதெண்டா இஸ்மெற் என்னை நம்பவேணும். அங்கைதான் சிக்கல்.

பாடம்

முதல் நாளே இஸ்மெற் சுவரிலை கிடந்த ஊர்ப் படத்துக்கு முன்னாலை என்னை நிப்பாட்டினார். கருங்கடலுக்குத் தெற்காலை, மலையளுக்கு நடுவிலை, ஆத்துப் பள்ளத்திலை ஊர். பள்ளத்திலை காத்து அடிக்காது எண்டு மாரிக்கு அங்கை ஒரு வீடு. கோடைக்கு மேட்டிலை, திராட்சைத் தோட்டத்துக்குள்ளை இன்னொரு வீடு. பழைய காலத்து வியாபாரியள் ஒட்டகங்களோடை தங்கிப் போகக் கல்லாலை கட்டின பெரிய மடம். வாடிக்கையாளர் கேட்டா நான் முழிக்கக் கூடாதாம்.

ஒரு கிழமை கழிச்சுச் சோதினை வைச்சார். மேட்டு வீட்டை மறந்துபோனன். மனுசன் என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

"கோடை வீட்டை மறக்கிறவன் கடையைப் பூட்டவும் மறப்பான்."

கடிதம்

எழுதிப் பாடமாக்குவம் எண்டு நினைச்சன். அப்பிடியே அதை வசந்திக்கு எழுதினா ஒரு கல்லிலை ரெண்டு மாங்காய். இன்னொரு காரணமும் இருந்தது. லொட்ஜிலை கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டுத்தான் குடுக்கினம் எண்டு எனக்குப் பெரிய சந்தேகம். கலியாணம் எழுதிப் பதினொரு நாளிலை வெளிக்கிட்டு வந்தவன் நான். மனசிலை கிடக்கிறதை எழுதி, அதை லொட்ஜ்காரன் வாசிச்சுச் சிரிக்கவோ? கிழமைக்கு ஒரு நீலக் கடிதம், முழுக்கச் சஃப்ரன்போலு. என்னோடை அறையிலை இருந்த ரவி ஒருநாள் எட்டிப் பாத்திட்டுச் சொன்னான்:

"மச்சான், உது மனிசிக்கோ, பூமிசாஸ்திர வாத்திக்கோ?"

அன்ரி

ரொறொன்ரோவுக்குப் பக்கத்திலை, மார்க்கம் எண்ட நகரத்திலையிருந்து ஒரு தமிழ் அன்ரி வந்தவ. மகளுக்கு ஆறாம் மாதம், பாலிலை போடக் குங்குமப்பூ வேணும். பூவிலை ஒரு இழையை எடுத்துத் தண்ணியிலை போட்டா, மணந்தா, வெளிச்சத்திலை பிடிச்சா, கடைசியா நாக்கிலையும் வைச்சா. நான் ஊரின்ரை பேரே இந்தப் பூவாலை வந்தது, அக்கம்பக்கத்துக் கிராமங்களிலை பயிரிடுறவை எண்டு எல்லாம் ஒப்புவிச்சன். அன்ரி கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்தா.

"தம்பி, நீர் சாவகச்சேரி எண்டுதானே சொன்னனீர்? துருக்கிக்காரன் வரட்டும், அவனிட்டைக் கேட்டு வாங்குறன்."

லேபல்

பக்கத்து நகரம் பிறம்ரனிலையிருந்து வந்த ஒரு துருக்கிக்காரன் லோக்கும் பெட்டியைத் திருப்பிப் பாத்தான். சஃப்ரன்போலு, சொங்குல்டக் மாகாணம் எண்டு கிடந்தது. இது கள்ளச் சாமான், சஃப்ரன்போலு இப்ப கரபூக் மாகாணம் எண்டான். நான் இல்லையெண்டன். அவன் பையிலையிருந்த துருக்கிப் பேப்பரை எடுத்துக் காட்டினான். உண்மைதான், மாகாணத்தை மாத்திப்போட்டினம்.

இஸ்மெற்றிட்டைச் சொன்னன். முகம் கறுத்துப்போச்சு. கரபூக் ஒரு காலத்திலை சஃப்ரன்போலுவோடை சேந்த சின்னக் குடியிருப்பாம். இரும்பு ஆலை வந்தபிறகுதான் பட்டினமாம். நானும் பிறம்ரன்காரனும் சேந்து செய்த சதி எண்ட மாதிரி என்னை முறைச்சார்.

"நாங்கள் தூக்கி வளத்த பிள்ளை இண்டைக்கு எங்களுக்குத் தகப்பனாம்."

விடுபட்ட பகுதி

டான்ஃபோர்த் கிரேக்கரின்ரை தெரு. பக்கத்துச் சப்பாத்துக் கடைக் கிழவர் நிக்கோஸ் எங்கட வாசலை மிதிக்காமல் ஒரு வருசம் சந்தேகமாப் பாத்தவர். ஒருநாள் உள்ளை வந்து படத்துக்கு முன்னாலை நிண்டார். நான் பாடத்தைத் தொடங்க, கையைக் காட்டி மறிச்சார். கிரன்கோய் எங்கை எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இடையிலை கிரேக்கச் சனம் இருந்த பகுதியாம். 1923இலை துருக்கியும் கிரேக்கமும் சனத்தை மாத்திக்கொண்ட நேரம் அவரின்ரை தகப்பன் இளந்தாரியா அங்கையிருந்து வெளிக்கிட்டவராம். நானும் பூட்டின வீட்டின்ரை திறப்பைப் பொக்கெற்றிலை போட்டுக்கொண்டு வந்தவன்தானே.

பின்னேரம் இஸ்மெற்றிட்டைக் கேட்டன். எழும்பிவந்து படத்திலை ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த நாள் கவுண்டரிலை என்ரை வேலைக் கடிதம் கையெழுத்தோடை கிடந்தது. மனுசன் என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னார்:

"இனிக் கிழவர் வந்தா முதல் கிரன்கோயிலையிருந்து தொடங்கு."

நேர்முகம்

கொழும்பிலை விசா அதிகாரி வசந்தியை நம்பேல்லை. பதினொரு நாள் குடித்தனம், இடம்பெயர்விலை துலைஞ்ச கலியாணப் படங்கள், யாழ்ப்பாணத்துப் புருசனுக்குத் துருக்கிக் கடையிலை வேலை. விசாவுக்காகப் பேப்பரிலை கட்டின கலியாணம் எண்டே முடிவெடுத்திட்டார். புருசன் என்ன எழுதுறவர் எண்டு கடைசியாக் கேட்டிருக்கிறார். வசந்தி பையைக் கவிட்டுக் கொட்டினா. தொண்ணூத்திநாலு கடிதம். மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொண்டா வாசிச்சார்: மாரி வீடு, கோடை வீடு, ஒட்டகம், கரபூக். ஆறாவது கடிதத்திலை அதிகாரி போதுமெண்டு கையைக் காட்டினாராம்.

"பொய்க்குக் கட்டினவன் காதல் எழுதுவான். உண்மையாக் கட்டினவன்தான் மனிசியை இப்பிடி அறுப்பான்."

இதை வசந்தி எனக்குச் சொன்னது ரொறொன்ரோ விமான நிலையத்திலையிருந்து வீட்டை போற வழியிலை, ரவியின்ரை காரிலை. நான் சந்தோசத்திலை சிரிச்சன். அவ சிரிக்கேல்லை, யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டிருந்தா.

"துருக்கியிலை எந்தச் சனம் எந்த மாதத்திலை எந்த வீட்டிலை இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். நீ சாப்பிட்டனியோ எண்டு ஒரு கடிதத்திலையாவது கேட்டீங்களோ?"

ஒருத்தரும் என்னை நம்பாத அந்தக் கடையிலை நான் படிச்ச ஊர்தான் கடைசியிலை என்ரை கலியாணத்துக்குச் சாட்சி சொன்னது, ஆனா அந்த ஊரின்ரை பேரை இண்டைவரைக்கும் வீட்டிலை எடுக்க எனக்கு அனுமதியில்லை.