தாச்சியும் எண்ணெயும் என்னுடையது

போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னர் என் வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றுவிட்டது. பதினாறு வயதிலிருந்து தறி மிதித்த கால், என்னதான் செய்யும்? நடக்கலாம், சமைக்கலாம், சுஜூதுக்கு மட்டும் போக முடியாது. கதிரையில் இருந்து தலையைக் குனிந்து தொழுதேன். மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது, தெரியும். ஆனாலும் நெற்றி தரையில் படாவிட்டால் எனக்குத் தொழுத மாதிரியே இல்லை. நோன்பு இரவுகளில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடித் தொழுவோம். எல்லாருக்கும் பின்னால் நான் மட்டும் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். தங்கச்சிதான் சொறிக்கல்முனைப் பரியாரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். இலைகளை எண்ணெயில் வதக்கி, துணியில் கிழியாக முடிந்து, சூட்டோடு ஒத்தணம் கொடுப்பாளாம். தங்கச்சியின் மாமியாருக்குத் தோள்வலியே போய்விட்டதாம். “ராத்தா, ஒருக்காப் போய்த்தான் பாருங்களன்” என்று நச்சரித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அந்த ஒழுங்கையில் திரும்பும்போதே ஒரு பன்றி, குட்டிகளோடு குறுக்கே போனது. சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். பரியாரி என் வயதுக்காரி. கழுத்தில் சிலுவை, முகத்தில் சிரிப்பு குறைவு. குசினியிலிருந்து வந்த எண்ணெய் வாசம் எனக்குப் பிடிக்கவில்லை. நோவெண்ணெயில் பாம்புக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு எல்லாம் கலப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பூசிக்கொண்டு எப்படித் தொழுவது?

“இதுக்குள்ள என்ன கொழுப்பு போட்டிரிக்கீங்க?” என்று நேரடியாகவே கேட்டேன்.

“கொழுப்பா? நல்லெண்ணெய்தான் அக்கா.”

“அப்ப நான் என்ட எண்ணெயக் கொண்டு வாறன்.”

“ஓம், கொண்டு வாங்களன்.”

அன்று என் காலைத் தொடவிடாமலே திரும்பிவிட்டேன். அடுத்தமுறை எண்ணெயோடு போனால், அவளுடைய தாச்சியில் கண் போனது. அதில் என்னத்தைப் பொரித்தாளோ! என் தாச்சியைக் கொண்டுபோனேன். பிறகு கிழித்துணி, எத்தனை பேரின் காலில் பட்டதோ! எங்கள் தறித்துணியில் ஒரு துண்டு வெட்டினேன். நொச்சி, ஆமணக்கு, எருக்கலை எல்லாவற்றையும் என் கண்முன்னாலேயே ஆய வைத்தேன். எதற்கும் ஒரே பதில்தான்: “ஓம் அக்கா.”

அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். ஒருத்தி என்னிடம் வந்து, உன் நூலில் நம்பிக்கையில்லை, என் நூலில் நெய் என்றால் அப்படியே வாசலோடு அனுப்பியிருப்பேன். இவளுக்கு ஏன் கோபம் வரவில்லை? எதையோ மறைக்கிறாள்.

கிழியின் சூட்டை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். பிறகு முழங்காலைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுப்பாள். ஆறினால் திரும்பவும் தாச்சியில் வைப்பாள். சூடு எலும்புவரை இறங்கும். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சுகத்தையும் நான் நம்பவில்லை. சூட்டுக்கு எந்தக் கால்தான் இளகாது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று இருந்தேன். வீட்டிலும் கால் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “நான் இவ்வளவு கதைக்கன், உங்களுக்குக் கோவமே வராதா?”

அவள் ஒற்றுவதை நிறுத்தவில்லை. “எனக்கும் இதுதான் அக்கா நல்லம். நாளைக்கு உங்கட கால் வீங்கினா, நான் என்னத்தையோ பூசிப்போட்டன் எண்டு உங்கட ஊர்ல கதை கிளம்பும். எல்லாம் உங்கட சாமான் எண்டா என்னை ஒருத்தரும் கேக்க ஏலாது.”

எனக்கு வந்ததே கோபம்! என்னைப் பார்த்தா சந்தேகம்? நான் என்ன, கதை கட்டித் திரிகிறவளா? ஆட்டோவில் இருந்தபடியே தங்கச்சிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னடி சிரிப்பு?”

“ஒண்டுமில்ல ராத்தா. ரெண்டு பேரும் நல்ல சோடிதான்.”

அந்தக் கிழமையே ஒரு அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குக் கதிரையைத் தள்ளி வைத்தேன். முழங்காலை ஊன்றி, பயந்து பயந்து குனிந்தேன். நெற்றி பாயில் பட்டது. யா அல்லாஹ்! அழுகையை அடக்க முடியவில்லை. அந்த சுஜூதிலேயே அவளுக்காகவும் துஆக் கேட்டேன். எழும்பத்தான் சுவர் தேவைப்பட்டது. இன்னும் கொஞ்சம் ஒத்தணம் வேண்டும், நோன்போ நெருங்கிவிட்டது.

மறுநாள் வேண்டுமென்றே வெறுங்கையோடு போனேன்.

“எங்க அக்கா சாமானெல்லாம்?”

“கொண்டு வரல்ல. உங்கட எண்ணெயே போடுங்க, உங்கட தாச்சியே போதும். நேத்து நெத்தி நிலத்துல பட்டிச்சு, புள்ள.”

அவள் முகம் மலர்ந்தது. மனதார மகிழ்ந்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலை மடக்கி நீட்டிப் பார்த்து, “நல்லா வந்திரிக்கு” என்றாள். அடுப்பை மட்டும் மூட்டவில்லை.

“கோவிக்காதீங்க அக்கா. நாளைக்கு உங்கட சாமானோடயே வாங்க” என்று சொல்லி, படலை வரைக்கும் வந்து, என் கையைப் பிடித்துப் பக்குவமாக ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.